திமிஷ்க் பெரிய பள்ளிவாசலின் நேரக் கணிப்பாளர் இப்னு ஷாதிர் (ரஹ்)



ஐவேளைத் தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமையாகும். கிழக்கு வெளுப்பதும், சூரியன் உச்சி சாய்வதும், நிழல் நீள்வதும், செவ்வானம் மறைவதும் நம் வணக்கத்தின் எல்லைகளாக அமைந்துள்ளன. இன்று பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணையை ஒரு முறை நோக்கினால் வக்து தெரிந்துவிடுகிறது. அந்த அட்டவணை எவ்வாறு உருவாயிற்று என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சூரியனின் போக்கை நாள்தோறும் அளந்து, கல்லில் கோடுகளாகப் பொறித்து, மக்களின் தொழுகை பிசகாமல் காத்த அறிஞர் பலர் நம் வரலாற்றில் உண்டு. அவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் இப்னு ஷாதிர் (ரஹ்) ஆவார்.

பிறப்பும் இளமையும்

அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு இப்ராஹீம் என்பது அவருடைய பெயர். இப்னு ஷாதிர் என்ற பெயராலேயே வரலாற்றில் அறியப்படுகிறார். திமிஷ்க் எனப்படும் டமாஸ்கஸ் நகரில் ஏறத்தாழ 1305ஆம் ஆண்டில் பிறந்தார். அப்பொழுது சிரியா நாடு, கெய்ரோவைத் தலைநகராகக் கொண்ட மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் இருந்தது.

ஆறாம் வயதிலேயே தந்தையை இழந்து அநாதையானார். பாட்டனார் அவரை வளர்த்தார். பிழைப்புக்காக உறவினர் ஒருவரிடம் மரத்தில் தந்தம் பதிக்கும் நுண்தொழிலைக் கற்றுக்கொண்டார். அத்தொழிலால் அவருக்கு அல்முதஃஇம், அதாவது பதிப்பு வேலை செய்பவர் என்ற பட்டப்பெயரும் ஏற்பட்டது. மெல்லிய தந்தத் துண்டுகளை அளவு தப்பாமல் வெட்டி, இம்மியும் இடைவெளி இன்றிப் பொருத்துவது அக்கலையின் உயிர். பிற்காலத்தில் அவர் செய்த கருவிகளின் நுட்பத்தை நோக்கும்போது, இளமையில் பழகிய கை அவருக்கு இறுதிவரை உதவியது எனலாம்.

வானியலும் கணிதமும் கற்கும் ஆர்வத்தால் இளம் வயதிலேயே கெய்ரோவுக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் பயணம் செய்தார். கல்வியை முடித்துத் தாயகம் திரும்பியவருக்கு, உமைய்யா கலீஃபா வலீத் அவர்கள் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய திமிஷ்க் பெரிய பள்ளிவாசலில் பணி கிடைத்தது.

முவக்கித் என்னும் பொறுப்பு

பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தைக் கணித்துச் சொல்லும் அறிஞருக்கு முவக்கித் என்று பெயர். பதிமூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் தோன்றிய இப்பதவி விரைவில் சிரியாவுக்கும் பரவியது. பாங்கு சொல்பவருக்கு நல்ல குரல் வேண்டும். முவக்கித்துக்கோ கோண அளவும் வானக் கணிதமும் கைவரப் பெற்றிருத்தல் வேண்டும். இப்னு ஷாதிர் இப்பள்ளிவாசலின் முவக்கித்தாகவும், முஅத்தின்களின் தலைவராகவும் விளங்கினார்.

இப்பொறுப்பின் கனத்தைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். கைக்கடிகாரமும் சுவர்க்கடிகாரமும் இல்லாத காலம் அது. பெரிய பள்ளிவாசலின் மினாராவிலிருந்து எழும் பாங்கைக் கேட்டே மக்கள் தொழுகைக்கு எழுந்தனர். ரமளானில் நோன்பு வைத்தனர், திறந்தனர். கணக்கில் சிறு பிழை நேர்ந்தால் அது ஒருவருடைய பிழையாக நின்றுவிடாது. வக்து நுழையுமுன் தொழுதவர்களும், சூரியன் மறையுமுன் நோன்பு திறந்தவர்களும் அதன் சுமையைத் தாங்க நேரிடும். முவக்கித்தின் கையில் இருந்தது ஓர் ஊரின் அமானிதம் ஆகும்.

அதே பள்ளிவாசலில் அவர் காலத்தில் ஷம்சுத்தீன் அல்கலீலீ என்ற மற்றோர் அறிஞரும் பணியாற்றினார். அவர் திமிஷ்க் நகருக்கென வகுத்த தொழுகை நேர அட்டவணைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அந்நகரில் பயன்பட்டு வந்தன. இத்தகைய இரு மேதைகள் ஒரே பள்ளிவாசலின் ஊழியர்களாக இருந்தது வியப்புக்குரியது.

வீட்டுச் சுவரில் சுழன்ற கருவி

ஸலாஹுத்தீன் அஸ்ஸஃபதீ என்னும் வரலாற்றாசிரியர் 1343ஆம் ஆண்டளவில் இப்னு ஷாதிரின் இல்லத்துக்குச் சென்றார். அங்கே சுவரில் பொருத்தப்பட்டிருந்த ஒரு கருவியைக் கண்டு வியந்து தம் நூலில் பதிவு செய்துள்ளார். முக்கால் முழ அளவுள்ள அக்கருவி நாள் ஒன்றுக்கு ஒரு சுற்றாக இரவும் பகலும் சுழன்று நேரத்தைக் காட்டியதாம். அதை இயக்கும் பொறி வெளியில் தெரியாதபடி அமைந்திருந்தது.

நேரத்தை அறிய அவர் செய்த மற்றொரு கருவி சந்தூக்குல் யவாகீத், அதாவது மாணிக்கப் பேழை என்பதாகும். 1366ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட இது ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமும் அகலமும், 3 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட சிறு பெட்டி. உள்ளே காந்த ஊசியும் சூரியக் கடிகாரமும் இருந்தன. பயணம் செய்பவர் இதைத் திறந்து வைத்து லுஹர், அஸர் நேரங்களையும் கிப்லாவின் திசையையும் அறிந்துகொள்ளலாம். இப்பெட்டி அலெப்போ நகரில் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டு வந்தது.

மினாராவில் பதித்த பளிங்குக் கல்

அவருடைய பணிகளுள் மக்கள் கண்ணெதிரே நின்றது, ஹிஜ்ரி 773இல் (1371-72) பெரிய பள்ளிவாசலின் வடக்கு மினாராவில் அவர் அமைத்த சூரியக் கடிகாரமாகும். மணப்பெண் மினாரா என்று மக்கள் அழைக்கும் கோபுரம் அது. ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பளிங்குப் பலகையில், பெரியது ஒன்றும் சிறியவை இரண்டுமாக மூன்று கடிகாரங்கள் செதுக்கப்பட்டிருந்தன. சூரியன் உதித்து எவ்வளவு நேரமாயிற்று, உச்சிக்கு இன்னும் எவ்வளவு, மறைவதற்கு எவ்வளவு என்பவற்றை அதன் கோடுகளிலிருந்து படிக்கலாம். அஸருக்கான கோடும் அதில் உண்டு. பஜ்ர், இஷா நேரங்கள் சூரியன் இல்லாத வேளையில் வருபவை. எனினும் பகலிலேயே அவற்றிலிருந்து கணக்கிட்டுக் கொள்ளவும் கோடுகள் வரையப்பட்டிருந்தன.

இக்கடிகாரத்தின் பெருஞ்சிறப்பு அதன் நிழற்கோலில் உள்ளது. பழங்காலத்தவர் பெரும்பாலும் கோலை நிமிர்த்தி நட்டனர். நிமிர்ந்த கோலின் நிழல், ஒரே மணி வேளையிலும் கோடையில் ஒரு திசையிலும் குளிர்காலத்தில் வேறு திசையிலும் விழும். அக்காலத்தவர் பகற்பொழுதைப் பன்னிரண்டு கூறுகளாகப் பிரித்து வழங்கியதால், கோடைப் பகலின் ஒரு மணி நீண்டும் குளிர்காலப் பகலின் ஒரு மணி குறுகியும் இருந்தது.

இப்னு ஷாதிர் கோலைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்தார். வட துருவ விண்மீனை நோக்கி நிற்கும் சாய்வு அது. திமிஷ்க் நகரம் ஏறத்தாழ 33.5 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், கோல் தரையிலிருந்து அதே 33.5 டிகிரி உயர்ந்து நிற்கும். வானம் சுழல்வதாக நமக்குத் தோன்றும் அச்சும் கோலும் ஒரே திசையில் இருப்பதால், ஆண்டின் எல்லா நாள்களிலும் ஒரே மணிக்கு நிழல் ஒரே கோட்டின்மீது விழுகிறது. கோடையும் குளிரும் அதை மாற்றுவதில்லை. ஆண்டு முழுவதும் சம அளவுள்ள மணிகளைக் காட்ட இது ஏற்ற வழி. இவ்வாறு துருவ அச்சுக்கு இணையாகக் கோல் அமைந்த கடிகாரங்களுள் இன்று அறியப்பட்ட மிகப் பழையது இதுவேயென அறிஞர் கருதுகின்றனர்.

கூரைக்குள் வந்த சூரியன்

மினாராக் கல் வெட்ட வெளியில் உயரத்தில் இருந்தது. அறைக்குள் அமர்ந்திருப்பவர் அதைப் பார்க்க இயலாது. அதே கணிதத்தை வீட்டின் உட்கூரைக்குக் கொண்டுவரும் முறை பின்னர் ஐரோப்பாவில் வளர்ந்தது. அதற்கு ஒரு சிறு கண்ணாடித் துண்டே போதும். கண்ணாடியில் ஒளி எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்னும் விதியை, இப்னு ஷாதிருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்னுல் ஹைஸம் (ரஹ்) தம் ஒளியியல் நூலில் சோதனைகளோடு விரிவாக ஆராய்ந்திருந்தார்.

இதன் அமைப்பு எளியது. தெற்கு நோக்கிய ஜன்னலின் அடித்திண்டில் நகத்தளவு கண்ணாடித் துண்டைப் படுக்கையாக வைக்க வேண்டும். வெயில் அதில் பட்டு எதிரொளித்து, உட்கூரையில் ஒரு வட்டப் பொட்டாக விழும். காலையில் சூரியன் கிழக்கே இருக்கும்போது பொட்டு மேற்கே நிற்கும்; பொழுது ஏற ஏறக் கிழக்கு நோக்கி நகரும். கண்ணாடிக்கு நேர் மேலே உள்ள புள்ளியிலிருந்து வடக்கே ஒரு கோடு வரைந்தால், பொட்டு அக்கோட்டைக் கடக்கும் கணமே உண்மையான நண்பகல். நம் கைக்கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அதுவன்று. சூரியன் உச்சி சாய்ந்த பின்னரே லுஹர் தொடங்குவதால், தொழுகைக்கு வேண்டியது இந்த உண்மையான நண்பகலே ஆகும்.

இதில் ஓர் அழகிய ஒப்புமை உண்டு. கண்ணாடியிலிருந்து கூரை 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். நேர்மேற் புள்ளியிலிருந்து பொட்டு நிற்கும் தூரம், தரையில் நட்ட 2 மீட்டர் கோலின் நிழலுக்குச் சரிசமமாக இருக்கும். திமிஷ்க் நகரில் இரவும் பகலும் சமமாகும் நாளில், நண்பகலில் பொட்டு 1.32 மீட்டர் தூரத்தில் நிற்கும். மிகக் குறுகிய பகலுள்ள டிசம்பர் நாளில் அது 3 மீட்டருக்கு மேல் செல்லும். ஜூன் மாத நீண்ட பகலில் 36 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். அஸரையும் இதிலேயே காணலாம். நண்பகல் தூரத்துடன் கூரையின் உயரத்தை ஒரு மடங்கு கூட்டினால் ஷாஃபிஈ மத்ஹபின்படியும், இரு மடங்கு கூட்டினால் ஹனஃபீ மத்ஹபின் பிரபலமான கருத்தின்படியும் அஸர் தொடங்கும் இடம் கிடைக்கும். சமபகல் நாளில் ஷாஃபிஈ அஸர் 3.32 மீட்டரில் வந்துவிடும். கோலின் நிழலை வைத்துச் சட்ட நூல்கள் சொல்லும் இலக்கணம் அப்படியே கூரையில் எழுதப்படுகிறது.

ஆனால் சிறு கவனக்குறைவையும் இக்கருவி மன்னிக்காது. கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் திரும்பும் ஒளி இரண்டு டிகிரி வரை விலகும். சூரியன் ஒரு டிகிரி நகர நான்கு நிமிடம் ஆவதால், நேரத்தில் ஏறத்தாழ எட்டு நிமிடப் பிழை நேரிடும். ஆகவே ரசமட்டம் வைத்துக் கண்ணாடியைச் சமப்படுத்தி, அசையாதபடி ஒட்ட வேண்டும். கண்ணாடி பெரிதானால் பொட்டும் பரந்து மங்கலாகும். இன்னொரு சிக்கலும் உண்டு. மணிக் கோடுகள் யாவும் ஒன்றுகூடும் மையம், கண்ணாடிக்குத் தெற்கே, அதாவது ஜன்னலுக்கு வெளியே வெறுவெளியில் அமையும். திமிஷ்க் நகரில் 2 மீட்டர் உயரக் கூரைக்கு அது 3 மீட்டர் வெளியே விழும். அதனால் கணக்கிட்டோ, பல நாள்கள் பொட்டைக் குறித்தோதான் கோடுகளை வரைய இயலும்.

போலந்து நாட்டின் ஓல்ஷ்டின் கோட்டையில் 1517ஆம் ஆண்டில் ஒருவர் இவ்வாறே தம் அறை வாயிலின் மேலுள்ள சுவரில் எதிரொளியை விழச் செய்து, சமபகல் நாளைக் கண்டறியக் கோடுகள் வரைந்தார். அச்சுவர்ப் பலகையின் எஞ்சிய பகுதி இன்றும் அங்கு உள்ளது. பிரான்சின் கிரெனோபிள் நகரக் கல்லூரி ஒன்றில், 1673இல் ழான் போன்ஃபா என்ற பாதிரியார் மாடிப்படியின் சுவர்களிலும் கூரையிலும் பரந்த எதிரொளிக் கடிகாரத்தை வரைந்தார். ஓல்ஷ்டினில் கோடு வரைந்தவர் வேறு யாருமல்லர். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நிறுவ முற்பட்ட நிக்கோலாஸ் கோப்பர்நிக்கஸ் ஆவார். அவருக்கும் நம் முவக்கித்துக்கும் சூரியக் கடிகாரத்தைவிட நெருங்கிய உறவொன்று உண்டு.

கண்ணால் கண்டதோடு ஒத்துவராத கொள்கை

கிரேக்க அறிஞர் தாலமி வகுத்த வானியலே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக எங்கும் கோலோச்சி வந்தது. அதன்படி சந்திரன் பூமியை மிகவும் நெருங்கியும் விலகியும் செல்ல வேண்டும். அது உண்மையானால், சில வேளைகளில் சந்திரன் ஏறத்தாழ இருமடங்கு பெரிதாகத் தோன்ற வேண்டும். வானத்தை நோக்கும் எவருக்கும் அவ்வாறு தோன்றுவதில்லை. கோள்கள் சீரான வட்ட இயக்கம் உடையவை என்ற அடிப்படையோடும் தாலமியின் கணக்கு பொருந்தவில்லை. இப்னுல் ஹைஸமும், மராகா வானாய்வகத்தைச் சார்ந்த நஸீருத்தீன் தூஸீ முதலியோரும் இக்குறைகளை முன்னரே எடுத்துக்காட்டியிருந்தனர்.

இப்னு ஷாதிர், கொள்கை எவ்வளவு புகழ்பெற்றதாயினும் கண்ட உண்மையோடு ஒத்துவர வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். நிஹாயத்துஸ் ஸுஃல் என்னும் நூலில் சந்திரன், சூரியன், கோள்கள் ஆகியவற்றுக்குப் புதிய அமைப்புகளை வகுத்தார். அவருடைய சந்திர அமைப்பில் தூர வேறுபாடு வெகுவாகக் குறைந்து, கண்ணுக்குத் தெரியும் அளவோடு பொருந்தியது. அஸ்ஸீஜுல் ஜதீத் என்னும் வானியல் அட்டவணை நூலையும் இயற்றினார். அது பல நூற்றாண்டுகள் முவக்கித்களுக்குத் துணையாக இருந்தது.

இந்நூல்கள் ஐரோப்பிய அறிஞரின் கவனத்துக்கு வராமல் கிடந்தன. 1950களில் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் கென்னடியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் நிஹாயத்துஸ் ஸுஃலின் கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து திகைத்தனர். 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் நூலில் உள்ள சந்திர அமைப்பும், திமிஷ்க் முவக்கித் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியதும் ஒன்றாகவே இருந்தன. 1957இல் விக்டர் ராபர்ட்ஸ் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார். 1976இல் அலெப்போ பல்கலைக்கழகம் இப்னு ஷாதிரின் வாழ்வும் பணியும் பற்றிய தொகுப்பு நூலை வெளியிட்டது.

இங்கே நாம் நீதியோடு பேசுதல் வேண்டும். இப்னு ஷாதிர் பூமியையே நடுவில் வைத்தார். சூரியனை நடுவில் வைத்துப் புரட்சி செய்தவர் கோப்பர்நிக்கஸே. திமிஷ்கின் கணக்கு போலந்து வரை எவ்வழியாகச் சென்றது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வது, அளவில் நேர்மையைப் பேணிய அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. உள்ள பெருமையே அவருக்குப் போதுமானது.

மறைவும் நினைவும்

இப்னு ஷாதிர் ஏறத்தாழ 1375ஆம் ஆண்டில் திமிஷ்க் நகரிலேயே இறையடி சேர்ந்தார். அவர் பதித்த பளிங்குக் கல் ஐந்நூறு ஆண்டுகள் மினாராவில் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பள்ளிவாசலுடன் தொடர்புடைய தன்தாவீ என்ற அறிஞர் அதைச் சரிசெய்ய முற்பட்டபோது கல் உடைந்துவிட்டது. அவர் மனம் தளராமல், உடைந்ததைப் பார்த்து ஒவ்வொரு கோட்டையும் அப்படியே செதுக்கி, 1876இல் புதிய கல்லை அதே இடத்தில் அமைத்தார். மூலக் கல்லின் துண்டுகள் பின்னர் டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன.

தந்தையற்ற சிறுவனாகத் தந்தம் பதிக்கக் கற்றவர், கைத்தொழிலைத் தாழ்வாகக் கருதவில்லை. வானக் கணிதத்தைப் பள்ளிவாசல் ஊழியத்துக்குப் புறம்பானதாகவும் எண்ணவில்லை. அவரை வானத்தை நோக்க வைத்தது, நாளைய பாங்கு சரியான நேரத்தில் ஒலிக்க வேண்டுமே என்ற பொறுப்புணர்ச்சி. அந்தப் பொறுப்பே உலக அறிவியல் வரலாற்றில் அவருக்கு இடம் தேடித் தந்தது. நம் ஜமாஅத்தின் பிள்ளைகள் கணிதமும் அறிவியலும் பயிலும்போது இவருடைய பெயரையும் அறிந்திருத்தல் வேண்டும். விடுமுறை நாளொன்றில் ஜன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, கூரையில் நகரும் ஒளிப்பொட்டைப் பெற்றோரும் பிள்ளைகளுமாகக் குறித்துப் பார்க்கலாம். நம் ஊர்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் கோடையில் சூரியன் வடக்கே சாய்ந்துவிடும். ஆகவே தெற்கு ஜன்னலில் இதைச் செய்ய நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களே ஏற்றவை.

வக்துகளைப் பேணி வாழ்ந்த அப்பெரியாரின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! நம் பள்ளிவாசலில் பாங்கு சொல்பவர்களுக்கும், நேரம் பேணிப் பணிபுரியும் ஊழியர்கள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.